தகட்டின் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு

எங்கள் துறையில் ஆயுத பூஜைக்குக் கைமுறுக்கு ஆட்டையாம்பட்டியிலிருந்துதான் வரும். மற்ற துறைகளில் ஆளுக்கு ஒரு பொட்டலம் பொரிகடலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எங்களிடம் யுவஸ்ரீ இருந்தாள். என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த பெண். அவளுடைய ஊர் அதுதான். வருடா வருடம் ஒரு பெரிய தூக்குப்போசி நிறையக் கொண்டுவருவாள். மற்ற துறைக்காரர்கள் ஏதாவது சந்தேகம் கேட்கிற மாதிரி எங்கள் பக்கம் வந்துவிட்டுப் போவார்கள்.

மேடம், என்னை யாரும் ஸ்டேஷனுக்கு அழைத்து வரவில்லை. நானாகத்தான் வந்தேன். பெயர் மோகன்குமார், வயது ஐம்பத்திரண்டு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். உட்காரச் சொன்னதற்கும் டீ வாங்கிக் கொடுத்ததற்கும் நன்றி. நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடம் பாடம் நடத்தியவன், எழுதிக்கொள்கிற வேகத்துக்குப் பேசத் தெரியும்.

ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரிக் கரையில், எங்கள் கல்லூரி வைத்துக் கொடுத்த ஒரு சங்கு இருக்கிறது. மில்லில் ஊதுகிற மாதிரி சங்குதான். நாலு கிலோமீட்டர் மேலே ஆற்றில் ஒரு கம்பத்தில் நீர்மட்டத்தை அளக்கும் கருவி. தண்ணீர் சட்டென்று ஏறினால் அந்தக் கருவி மைக்ரோவேவ் அலையில் செய்தி அனுப்பும், கீழே சங்கு ஊதும். அந்தக் கரையில் விவசாயிகள் ஆற்றோரமாகவே மோட்டார் இறக்கி வைத்திருப்பார்கள். முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஆள் மாற்றி ஆள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். சங்கு வந்த பிறகு விட்டுவிட்டார்கள். ஊதினால் போய் மோட்டாரை மேலே இழுப்பார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சங்கு ஒருமுறைகூடத் தப்பு செய்யவில்லை. அதனால் நம்பினார்கள்.

அதில் இருந்தது கடையில் வாங்கிய வட்டத் தட்டு ஆன்டெனா. காற்றடித்தால் திரும்பிக்கொள்ளும், மாதம் ஒருமுறை டவரில் ஏறி நேராக்க வேண்டும். அதற்குப் பதிலாகத்தான் யுவஸ்ரீ ஒரு தகடு செய்தாள். உள்ளங்கை அகலச் சின்ன ஆன்டெனா, அதற்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு பலகை, பலகை முழுக்கத் தாமிரச் சதுரங்கள், கட்டம் போட்ட சேலை மாதிரி. அந்தச் சதுரங்களின் அளவையும் இடைவெளியையும் சரியாகப் போட்டால், எல்லாப் பக்கமும் சிதறுகிற அலை ஒரே பக்கமாகக் குவிந்து போகும். அக்கரையில் இருப்பவரைக் கூப்பிட நாம் வாயருகே கை குவிப்போம் இல்லையா, அதுதான். ஆன்டெனாவுக்கும் பலகைக்கும் நடுவே இருபத்தாறு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாலு மூலையிலும் நாலு நைலான் ஸ்பேசர், அதாவது சின்னச் சின்னத் தூண்கள், அந்த உயரத்தைப் பிடித்து நிற்கும். உயரம் மாறினால் அலைகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

நான் இதே விஷயத்தில் பதினோரு வருடம் உழைத்திருக்கிறேன். என் தகடுகள் மோசமில்லை. ஆனால் அவள் பதினாலு மாதத்தில் செய்தது என்னுடையதைவிட இரண்டு மடங்கு நன்றாக இருந்தது. கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டு, சில திருத்தங்களோடு மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. அதில் அவள் பெயர் முதலில். என் பெயர் மூன்றாவது. தையில் அவள் பெங்களூரில் வேலைக்குச் சேரப் போகிறாள். என் அறைக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க சார்" என்றாள். அது உண்மையில்லை என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவள் மரியாதைக்குச் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நீங்கள் பொறாமை என்று எழுதிக்கொள்ளலாம். நான் மறுக்கமாட்டேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் வாழைமரம் கட்டவும் தோரணம் கட்டவும் போயிருந்த நேரத்தில், அவளுடைய தகட்டை எடுத்து நாலு ஸ்பேசர்களையும் கழற்றினேன். என் பழைய தகடு ஒன்றிலிருந்து இருபத்துமூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர்களை எடுத்து மாட்டினேன். பார்த்தால் தெரியாது. பத்து நிமிட வேலை. பூஜை முடிந்து அவள் மறுபடி அளந்து பார்ப்பாள், சிக்னல் ஏழு டெசிபல் குறையும், காரணம் தெரியாமல் தவிப்பாள், என்னிடம் வருவாள். மாதக் கடைசி தாண்டட்டும் என்று காத்திருந்து நான் கண்டுபிடித்துக் கொடுப்பேன். அவ்வளவுதான் என் திட்டம். யாருக்கும் கீறல்கூட விழாத திட்டம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பூஜை. எங்கள் லேப் அசிஸ்டன்ட் நாச்சிமுத்து அண்ணன்தான் எப்போதும் முன்னின்று செய்வார். ஐம்பத்தெட்டு வயது, ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அலையை அளக்கிற அனலைசர், சால்டரிங் அயர்ன், ஸ்க்ரூடிரைவர் என்று ஒன்று விடாமல் துடைத்து, மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைப்பார். தகட்டுக்கும் மூலையில் ஒரு பொட்டு வைத்தார். "புது ஐட்டமுங்க, கண்ணு பட்டுரக் கூடாது" என்றார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு யாரும் தொடமாட்டார்கள். அது உங்களுக்கும் தெரியும், உங்கள் ஸ்டேஷனிலும் ஜீப்புக்குப் பூஜை போட்டிருப்பீர்கள். மறுநாள் விஜயதசமி. எந்தக் காரியத்தையும் தொடங்க நல்ல நாள். நான் கணக்கில் வைக்காதது இந்த இரண்டும்தான். பூஜையன்று அனலைசரைத் தொடக் கூடாது, அதனால் அளந்து பார்க்கவில்லை. அடுத்த நாளை விட்டால் நல்ல நாள் இல்லை, அதனால் அளக்காமலேயே மாட்டிவிடலாம் என்று நாச்சிமுத்து அண்ணன் சொல்ல, முதல்வரும் சரி என்றுவிட்டார். காலையில் நான் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யுவஸ்ரீ போன் செய்தாள்.

"சார், நல்ல நாளுங்க, இன்னைக்கே டவர்ல மாட்டிரலாம்னு கெளம்பிட்டோமுங்க. பூஜைக்கு முன்னாடியே ரெண்டு தடவ அளந்து வெச்சதுதானுங்களே. நீங்களும் வாரீங்களா?"

வேண்டாம், திரும்பி வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே, "சரிம்மா, பாத்து ஏறுங்க" என்றேன்.

பத்தரை மணிக்கு மறுபடி கூப்பிட்டாள். சிக்னல் ஏழு டெசிபல் குறைவாக இருக்கிறது என்றாள். ஏழு டெசிபல் என்றால் ஐந்தில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது என்று அர்த்தம். சங்கு ஊதுகிறதா என்று கேட்டேன். ஊதுகிறது என்றாள். அப்படியானால் இருக்கட்டும், திசையில் ஏதோ சின்னப் பிசகு, அடுத்த வாரம் நானே வந்து பார்க்கிறேன் என்றேன். நல்ல வெயில் நாள் அது. வெயிலில் ஊதத்தான் செய்யும். மழை பெய்து பலகை நனைந்து, கரை மரமெல்லாம் ஈரமாக நின்றால் அந்த மிச்சத்தில் ஒன்றும் போய்ச் சேராது. இது எனக்குத் தெரியும். நான் இதைப் பாடமாக நடத்துகிறவன்.

இணைப்பு அறுந்தாலே சங்கு தானாக ஊதும்படி வைக்கலாம் என்று அவள் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள். சும்மா சும்மா ஊதினால் ஊர்க்காரர்கள் மதிக்கமாட்டார்கள் என்று நான்தான் தடுத்தேன். அந்தக் காரணம் சரியானதுதான். என் காரணங்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அவள் இரண்டு தடவை வந்து, தகட்டைக் கழற்றிக்கொண்டு வரட்டுமா, பழைய தட்டையே மாட்டிவிடலாமா என்று கேட்டாள். பொறுத்திருக்கச் சொன்னேன். மேட்டூரில் எவ்வளவு திறக்கிறார்கள் என்று பேப்பரில் தினமும் போடுவான். தினமும் பார்த்தேன். ஒன்பதாம் நாள் மழை பிடித்தது. பத்தாம் நாளும் விடவில்லை. பதினோராம் நாள் காலை, மதியம் போய்விட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மதியம் எனக்குத் துறைத் தலைவர்கள் கூட்டம் இருந்தது. கூட்டத்தில் நான் வருகைப்பதிவு பற்றிப் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள்.

அன்று மூன்று மணிக்குத் தண்ணீர் வந்தது. தங்கசாமி என்பவர் மோட்டாரை இழுக்க ஆற்றோரம் இறங்கியவர். அறுபத்தோரு வயது. கொடிக்கால் வைத்து வெற்றிலை விவசாயம் செய்தவர். தண்ணீர் வரப்போகிறது என்று ஊர் வாட்ஸ்அப்பில் மதியமே யாரோ போட்டிருந்தார்களாம். அவர் மனைவி வசந்தாமணி அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். "சங்கு இன்னும் ஊதலியே, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்துத்தான் போயிருக்கிறார். கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது தண்ணீர் கரையோடு அவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் நாள் பரமத்தி வேலூருக்குக் கீழே கிடைத்தார்.

சங்கு ஊதவில்லை.

கல்லூரி ஒரு குழு போட்டது. தகட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, இதில் அனுபவம் உள்ளவர் என்று என்னிடமே கொடுத்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். முதல் வேலையாக இருபத்துமூன்றைக் கழற்றி இருபத்தாறை மாட்டினேன். பிறகு என்ன காரணம் எழுதுவது என்று உட்கார்ந்தேன். பலகையின் மூலையில் சந்தனம் மழையில் கரைந்து மஞ்சள் கோடாக வழிந்திருந்தது. நான் தேடிப் போகவில்லை. அது அங்கேயே இருந்தது.

ஈரச் சந்தனம் தாமிரச் சதுரங்களின் மேல் படிந்தால் தகட்டின் அலைவரிசை நகரும் என்பது பொய்யில்லை. கொஞ்சம் நகரும். நான் உண்மையாகவே அளந்து பார்த்தேன். அந்தப் பொட்டால் ஏற்பட்ட குறைவு பத்தில் மூன்று டெசிபல்தான். ஏழு என்று எழுதினேன். புகைப்படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கடையில் சந்தன வில்லை வாங்கி, நானே கொஞ்சம் சந்தனம் குழைத்து மூலையில் தடவினேன்.

குழு உடனே ஒத்துக்கொண்டது. படித்தவர்களுக்கு அப்படி ஒரு காரணம் பிடிக்கும். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார், ஒருவர் லேசாகச் சிரித்துக்கூட விட்டார். யுவஸ்ரீ மேல் எந்தத் தவறும் இல்லை என்று அறிக்கையில் தனியாக ஒரு பத்தி எழுதினேன். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு திருப்தி. அவளும் கண் கலங்கி நன்றி சொன்னாள். நாச்சிமுத்து அண்ணனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அவர் மறுவாரம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்க சார், ஒரே ஒரு பொட்டுதானுங்களே வெச்சேன். அதும் மூலையில. அதுக்கே அப்பிடி ஆயிருமுங்களா?"

மேடம், எல்லாவற்றையும்விட இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். ஆற்றில் போனவரை நான் பார்த்ததில்லை. இவர் என் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். பதினெட்டு வருடமாக எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தவர். அறையில் வேறு யாரும் இல்லை. இல்லீங்கண்ணா, அது நான் செய்தது என்று சொல்ல ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

"ஆகுமுங்கண்ணா. ஒண்ணே போதும்" என்றேன்.

அவர் தன் வலது கையை விரித்து மோதிர விரலைப் பார்த்தார். "இந்த வெரலுங்க" என்றார். பிறகு வணக்கம் சொல்லாமல் போய்விட்டார். எப்போதும் சொல்வார்.

அங்கிருந்து நேராகத் தங்கசாமி வீட்டுக்குப் போய் வசந்தாமணி அம்மாள் காலில் விழுந்திருக்கிறார். யுவஸ்ரீதான் கூடப் போய் வந்தாள், அவள்தான் சொன்னாள். அந்த அம்மாள் திட்டவில்லையாம். "நீங்க வேணும்னா செஞ்சீங்க? எந்திரிங்க சாமி, போயி ஒரு வாய் சோறு உண்ணுங்க. மூஞ்சி எப்பிடியோ இருக்குது" என்றிருக்கிறார். சோறு போட்டும் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில்தான் அவர் முதன்முதலாக இடது கையால் சாப்பிட்டாராம்.

அதன் பிறகு வலது கையால் எதையும் செய்வதில்லை என்று கேள்விப்பட்டேன். திருநீறு பூசுவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, பேத்திக்குப் பொட்டு வைப்பதில்லை. நம்பவில்லை. மாசியில் ராசிபுரத்தில் எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். இடது கையால் பிசைந்து இடது கையால் சாப்பிட்டார். பக்கத்து இலைக்காரர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். பரிமாறுகிறவர், "கையில காயமுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார் அவர். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த மாதமே அவர் ஜேடர்பாளையம் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். கரும்பை இயந்திரத்துக்குள் கொடுக்கிற வேலை. தங்கசாமி போன கரை அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். சங்கு அப்போது மறுபடி வேலை செய்தது. யுவஸ்ரீயின் தகடுதான், இருபத்தாறில். அவர் அதை நம்பவில்லை.

போன வியாழக்கிழமை அவருடைய வலது கை கரும்பு இயந்திரத்தில் மாட்டி மணிக்கட்டுக்கு மேலே வரை போய்விட்டது. உங்கள் ஸ்டேஷனிலேயே விபத்து என்று பதிவாகியிருக்கும். நான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஆலைக்காரர் வராண்டாவில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"எப்பவும் எடக்கையிலதானுங்க கரும்பு குடுப்பாரு. வலக்கைய மடிச்சு முதுகுக்குப் பின்னால வெச்சுக்குவாரு. அது எப்பிடி உள்ள போச்சுன்னே எங்களுக்குப் புரியலீங்க."

எனக்குப் புரிந்தது. அந்த வராண்டாவில் எனக்கு மட்டும்தான் புரிந்தது.

உள்ளே அவர் மனைவி கமலவேணி ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது. மருந்தின் மயக்கம் என்று முதலில் நினைத்தேன்.

"இப்பத்தானுங்க சார் படுத்தாத் தூக்கம் வருது" என்றார். "மனசு லேசாயிருச்சுங்க. கண்ண மூடுனா அந்தப் பெரியவரு வந்து நிக்கறதில்லீங்க."

கமலவேணி எழுந்து எனக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை நர்ஸ் வந்துவிட்டார். இன்னொரு தடவை யாரும் வரவில்லை. கட்டுப் போட்டிருந்த கையைப் பார்த்தேன், சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதோ இந்த டப்பாவில் இருப்பவை அந்த இருபத்துமூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர்கள், நாலும். இவற்றை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. சந்தனத்தை அளந்தபோது வந்த உண்மையான எண்கள் என் கம்ப்யூட்டரில் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். யுவஸ்ரீக்கு எதுவும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியாது. தங்கசாமி செத்தது என்னால். அறிக்கை பொய். நாச்சிமுத்து அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை, அவருடைய கை போனதும் என்னால்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் எல்லாப் பக்கத்திலும் போடுகிறேன். வசந்தாமணி அம்மாளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். கல்லூரிக்கு எழுதுங்கள். பேப்பரில் என் போட்டோவைப் போட்டாலும் சரிதான், என்னிடம் அதற்கெல்லாம் மறுப்பு இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை நாச்சிமுத்து அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். சட்டப்படி முடியாது என்று நீங்கள் சொல்வது புரிகிறது. இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். அந்தப் பொட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால், அவர் அந்தக் கையை எதற்காகக் கொடுத்தார் என்று ஆகிவிடும். என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறார், தூங்கட்டும். இத்தனை நாள் நான் பேசாமல் இருந்ததெல்லாம் எனக்காக, அதை ஒப்புக்கொள்கிறேன். இந்த ஒரு தடவை அவருக்காகப் பேசாமல் இருக்கிறேன், மேடம்.